மீசை என்னுடையது, சூடு உங்களுடையது

என் தாடையின் இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகத் தழும்பு இருக்கிறது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு. ஓரம் நேர்கோடு, மூலை கூர். அடுப்பிலோ எண்ணெயிலோ சுட்டுக்கொண்டால் இப்படி ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி விழாது. லேசர் மெஷினின் கைப்பிடி முனை சதுரம். அது சுட்ட இடமும் சதுரம். தேனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னத்தா, எண்ணெய் தெறிச்சிருச்சா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். எண்ணெய் தெறித்தது என்றால் உச்சுக்கொட்டுவார்கள். மீசை எடுக்கப் போன இடத்தில் சுட்டுவிட்டார்கள் என்றால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எத்தனை நாளைக்குத்தான் எண்ணெய் மேலேயே பழி போடுவது?

பெரியகுளம் வடகரையில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு மாந்தோப்புக் குத்தகை. பூ எடுக்கும்போதே தோப்பைப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு, காய் இறங்குகிற வரைக்கும் மேற்கே மலையையும் மேலே வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது மேலுதட்டில் கறுப்பாகக் கோடு விழுந்தது. அதை முதலில் பார்த்தது பையன்கள் இல்லை. கணக்கு வாத்தியார்தான் பார்த்தார். "எனக்கே இன்னும் ஒழுங்கா மொளைக்கல, ஒனக்கு மொளைச்சிருச்சே புள்ள" என்றார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றைக்கு நடத்திய பாடம் வட்டத்தின் பரப்பளவு. இன்னும் எனக்கு அந்தச் சூத்திரம் சிரிப்புச் சத்தத்தோடுதான் நினைவுக்கு வரும்.

வீட்டில் அப்பத்தா வைத்தியத்தை ஆரம்பித்தாள். அடுப்புச் சாம்பலை விரலில் தொட்டுக்கொண்டு, மடியில் என் தலையைச் சாய்த்து, ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். சாம்பல் இருந்தால் விரல் வழுக்காது. கண்ணில் தண்ணீர் கொட்டும். "பொறந்த ஒடனே மஞ்சளும் பயத்தமாவும் போட்டுத் தேச்சுக் குளிப்பாட்டியிருக்கணும். ஒங்காத்தா சோப்புப் போட்டுல்ல வளர்த்தா" என்று அம்மாவையும் ஒரு குத்து குத்துவாள். என் மேலுதட்டில் முடி முளைத்த குற்றத்துக்கு முதல் தண்டனை அம்மாவுக்குத்தான் கிடைத்தது.

பிறகு கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு. குப்பைமேனி இலையை உப்பு வைத்து அரைத்துப் பூசி, காய்ந்ததும் எதிர்ப்பக்கமாகத் தேய்த்து எடுக்கச் சொன்னாள் ஒரு சித்தி. தோல் உரிந்தது, முடி அப்படியே நின்றது. விடாமல் மஞ்சள் பூசியதில் முகம் பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. அந்த மஞ்சளில் மீசை முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. கடையில் விற்கிற முடி நீக்கும் க்ரீமையும் யாருக்கும் தெரியாமல் வாங்கிப் போட்டேன். கைக்கும் காலுக்கும் செய்த சரக்கு அது. முடியின் புரதத்தை அரித்துக் கூழாக்குவது அதில் இருக்கிற காரம். கெட்ட முட்டை மாதிரி ஒரு வாடை வரும். முடியும் தோலும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை என்பதால் கொஞ்சம் நேரம் கூடினால் தோலையும் அரிக்கும். உதட்டுக்கு மேலே ஒரு வாரம் பொருக்குத் தட்டியிருந்தது.

எல்லாம் செய்யலாம், ஒன்றை மட்டும் செய்யக் கூடாது என்றார்கள். "கத்தி மட்டும் பட்டுறக் கூடாது. பட்டா கட்டை கட்டையா வளரும்." அம்மா சொன்னாள், அப்பத்தா சொன்னாள், சித்தி சொன்னாள், தெருவே சொன்னது. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர், அவரும் ஒரு பெண்தான், 1928-லேயே அளந்து பார்த்து எழுதிவிட்டார்: சவரம் செய்வதால் முடி தடிப்பதும் இல்லை, வேகமாக வளர்வதும் இல்லை. முடியின் நுனி இயல்பில் கூராக இருக்கும். வெட்டினால் நுனி மொட்டையாகிவிடும், தடவினால் சொரசொரக்கும், அவ்வளவுதான். வேர் தோலுக்கு அடியில் கிடக்கிறது, கத்தி அங்கே போவதே இல்லை. பெட்டிக்கடையில் தொங்குகிற ரேசர் எனக்குச் செய்யக்கூடிய அதிகபட்சக் கெடுதல் ஒரு சின்னக் கீறல். அதைத் தொடவிடாமல் காத்தவர்கள்தான், பின்னால் என்னை லேசருக்குக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த நியாயம் இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

இடையில் பார்லர் வந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் ஒரு அக்கா வைத்திருந்தார். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி, கத்தரி மாதிரித் திறந்து மூடித் திறந்து மூடி உதட்டு மேல் ஓட்டுவார். நாக்கை உள்ளேயிருந்து உதட்டுக்கு முட்டுக்கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வார். வலிக்கும், ஆனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து நாள் நிம்மதி. அந்த அக்கா ஒருநாள் என் தாடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "ஏத்தா, நீ மாசாமாசம் ஒழுங்கா வீட்டுக்குத் தூரமாகுறியா?" என்று கேட்டார். இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் நான்கு. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்திக்கொண்டாள்: "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா. நீங்க நூலைப் போடுங்க." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அத்தனை வருடத்தில் சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள், பத்தாவது தாண்டாத அந்தப் பார்லர் அக்கா.

எனக்குப் பின்கழுத்தும் கறுத்திருந்தது. வெல்வெட் துணி மாதிரி தடிப்பான கறுப்பு. செயின் போட்டதால் கறுத்தது என்றார்கள், அழுக்கு என்றார்கள். பீர்க்கங்கூட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அம்மா தேய்த்த தேய்ப்பில் ரத்தம் கசிந்ததுதான் மிச்சம்.

அப்புறம் பெண் பார்க்க வந்தார்கள், போடி பக்கம். மாப்பிள்ளைக்குக் கன்னம் தெரியாத தாடி. பஜ்ஜி, கேசரி எல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டு, அவருடைய அத்தை என் அம்மாவை அடுப்படிக்குத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. மொகத்துலதான் கொஞ்சம்... இப்பதான் லேசரெல்லாம் வந்திருச்சே, செஞ்சுட்டா நாங்க தட்டு மாத்திக்கிறோம்" என்றார். கூடத்தில் இருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. மாப்பிள்ளைக்கும் கேட்டிருக்கும். அவர் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு க்ளினிக். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கல்யாணப் பெண்களுக்கென்று தனிப் பேக்கேஜ்: முகம், கழுத்து, கை, அக்குள். 'நிரந்தரத் தீர்வு' என்று பலகையில் எழுதியிருந்தது. அமெரிக்காவில் லேசர் மெஷின் விற்கிறவர்கள் 'முடியை நிரந்தரமாகக் குறைக்கும்' என்றுதான் சொல்லிக்கொள்ள முடியும், 'நிரந்தரமாக நீக்கும்' என்று சொல்ல அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விடுவதில்லை. நிரந்தரமாக நீக்குவது என்று அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட முறை மின்பகுப்பு ஒன்றுதான். ஒவ்வொரு முடியின் வேருக்குள்ளும் ஊசி செருகி மின்சாரம் பாய்ச்சுவது. சார்ல்ஸ் மைக்கேல் என்ற கண் மருத்துவர், கண்ணுக்குள் குத்துகிற இமைமுடியை எடுப்பதற்காக 1875-ல் எழுதிவைத்த பழைய முறை அது. நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும், பேக்கேஜ் போட்டு விற்க முடியாது. எங்கள் பக்கம் அதைச் செய்கிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அந்த வருடத்து மாங்காய் விற்ற காசில் ஒரு பகுதியை அப்பா அங்கே கட்டினார்.

லேசரில் மந்திரம் ஒன்றும் இல்லை. கறுப்பு நிறமி ஒளியைக் குடித்துச் சூடாகும், அந்தச் சூட்டில் முடியின் வேர் கருகும். ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983-ல் இந்தக் கணக்கை எழுதினார்கள். வெள்ளைத் தோல், கறுப்பு முடி என்றால் கணக்கு சுத்தமாக வரும்: ஒளி தோலைத் தாண்டி நேரே முடிக்குப் போய்விடும். எங்கள் தோலிலேயே நிறமி இருக்கிறதே? வேருக்குப் போகிற வழியிலேயே தோல் அந்த ஒளியைக் குடித்துவிடும். அதனால்தான் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளம் உள்ள லேசர் பத்திரமானது என்கிறார்கள். அது ஆழமாகப் போகும், மேல்தோல் அதை அவ்வளவாகக் குடிக்காது. 755 அலைநீளக்காரன் வெள்ளைத் தோலுக்கு நல்லவன், நமக்கு ஆபத்தானவன். 810 வகையைப் பயன்படுத்தலாம், ஆனால் அளவைக் குறைத்து, தோலை நன்றாகக் குளிரவைத்து, முதலில் காதுக்குப் பின்னாலோ தாடைக்குக் கீழோ ஒரு சின்ன இடத்தில் சுட்டுப் பார்த்து, பொறுத்திருந்து, பிறகுதான் முகத்துக்கு வர வேண்டும். தோலை வகை பிரிக்க உலகமெல்லாம் பயன்படுத்துகிற அட்டவணையை 1975-ல் உண்டாக்கிய ஃபிட்ஸ்பேட்ரிக், முதலில் வெள்ளைத் தோலைத்தான் வகை பிரித்தார். பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்த்த வரிசைகள். பின்னால் சேர்க்கப்பட்டவர்கள் நாங்கள். மெஷினிலும் அப்படித்தான்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. கைப்பிடியைப் பிடித்திருந்த பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கும் தெரியாது. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள், என்னைவிடச் சின்னப் பெண். பலகையில் பெயர் இருந்த டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவாராம், அன்றைக்கு அந்த நாள் இல்லை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினாள், தாடையில் ஜெல் தடவினாள். முதல் தடவைகளில் சுரீர் என்றது, பொறுத்துக்கொண்டேன். முடி கொட்டவில்லை என்று அம்மா குறைப்பட்டதும், அடுத்த சிட்டிங்கில் அவள் மெஷினில் எதையோ ஏற்றினாள். பீப் சத்தம் எனக்குக் கேட்டது. சுட்ட கோழி வாடை வந்தது. "எரியுது" என்றேன். "அப்படித்தான் இருக்கும் மேடம், அப்பதான் வேர் சாகும்" என்றாள். "ரொம்ப எரியுது" என்றேன். "இன்னும் ரெண்டு நிமிஷம்." இரண்டு பக்கமும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

ராத்திரியே கொப்புளம் கட்டியது. போன் செய்தால் "ஐஸ் வைங்க, கத்தாழை தடவுங்க" என்றார்கள். நேரில் போனால் "உங்க ஸ்கின் சென்சிட்டிவ், நாங்க என்ன பண்ண முடியும்? ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்கள். அந்தப் படிவம் முழுக்க இங்கிலீஷ். எங்கே பேனாவை வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினார்கள், அங்கே வைத்தேன். ரசீதில் பேக்கேஜின் பெயரும் தொகையும் இருக்கிறது. எந்த மெஷின், என்ன அலைநீளம், எவ்வளவு அளவு வைத்தார்கள், யார் கைப்பிடியைப் பிடித்தார்கள், ஒரு எழுத்தும் இல்லை.

கொப்புளம் ஆறி, கருந்திட்டாகி, திட்டு தழும்பானது. அதோடும் விடவில்லை. முன்னால் வெறும் பூனைமுடி இருந்த கழுத்துப் பக்கத்தில் கறுகறுவென்று புதிதாக முடி கிளம்பியது. நான் பிரமை என்றுதான் நினைத்தேன். லேசர் சூடு வேரைக் கொல்லும் அளவுக்கு இல்லாமல், தட்டி எழுப்புகிற அளவுக்கு மட்டும் பட்டால் இப்படி நடக்கும் என்று பின்னால் தெரிந்தது. கறுப்புத் தோலிலும், ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களின் முகம், கழுத்திலும் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. தோல் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். படிவத்தில் இல்லை. போடிக்காரர்கள் தட்டு மாற்றவும் வரவில்லை. "மொகத்துல என்னமோ வியாதியாம்ல" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் ஊரில் மாங்காய்க்குக் கேட்க ஆள் இருக்கிறது. சீசன் வந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் குடோனுக்குள் நுழைந்து கார்பைடு கல் கிடக்கிறதா என்று தேடுவார்கள். கல் வைத்துப் பழுக்க வைக்க 2011-ம் ஆண்டு விதிமுறையில் தடை இருக்கிறது. அகப்பட்டால் பழத்தை அள்ளிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டிவிடுவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். அந்தப் பயத்தில் அப்பா மண்டியில் கல் என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார். நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாங்காயைச் சுட்டுப் பழுக்க வைத்தால் கேட்கிற அரசாங்கம், அந்த மாங்காய் விற்ற காசில் மகள் முகத்தைச் சுட்டால் ஏன் வரவில்லை? வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டால் யார் வேண்டுமானாலும் அந்தக் கைப்பிடியைப் பிடிக்கலாமா? எந்த அதிகாரி அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்?

கடைசியில் காயத்துக்கு மருந்து வாங்கத்தான் பெரியகுளம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். தேனி மாவட்டத்தின் தலைமை மருத்துவமனையே எங்கள் ஊரில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டு ஊர் ஊராக அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே இருந்த பெண் மருத்துவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் பின்கழுத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பார்லர் அக்கா கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. சினைப்பை நீர்க்கட்டி. கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை, உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுப்பதன் அடையாளம். இன்சுலின் ஏறினால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், அது பூனைமுடியைக் கறுத்த முடியாக்கும். கவனிக்காமல் விட்டால் சர்க்கரை நோய் வரைக்கும் போகும். ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு சிகாகோ மருத்துவர்கள் 1935-லேயே இந்தக் கோளாறை ஏழு பெண்களிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். இன்றைக்குக் குழந்தை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது என்றும், அவர்களில் 70 சதவீதம் வரை இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏன் தெரியாது? யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அம்மாக்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே ஹார்மோன் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே எத்தனை தடவை சுட்டாலும் முடி திரும்ப வரும் என்று எந்தப் பேக்கேஜும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பேக்கேஜை யாருக்கு விற்பது?

பெண்ணின் முகத்து முடியை வைத்துக் காசு பார்த்த கதை நேற்று ஆரம்பித்ததில்லை. 1920-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் கெய்சர் என்ற மருத்துவர் எக்ஸ்ரே மெஷின் செய்து அழகு நிலையங்களுக்குக் கொடுத்தார். வலிக்காது, தழும்பு விழாது என்று விளம்பரம். மருத்துவர் அல்லாதவர்கள் இயக்கினார்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முடி கொட்டியது. சில வருடம் கழித்துத் தோல் சுருங்கியது, புண் வந்தது, புற்றுநோய் வந்தது. அதற்குப் பின்னால் கோரெம்லு என்று ஒரு க்ரீம். அதில் இருந்தது எலி மருந்தில் போடுகிற தாலியம். மேலுதட்டு முடி போக வேண்டும் என்று தடவியவர்களுக்குத் தலைமுடி போனது, கைகால் விளங்காமல் போனது. அமெரிக்காவில் 1938-ல் அழகுசாதனங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு இப்படிப்பட்ட க்ரீம்களும் ஒரு காரணம். அங்கேயும் சட்டம் வந்தது பெண்கள் கெட்டழிந்த பிறகுதான்.

இன்னொன்றைக் கேட்டால் வயிறு பற்றி எரியும். எஃப்லார்னித்தின் என்று ஒரு மருந்து. ஆப்பிரிக்காவில் ஈ கடித்து வருகிற தூக்க நோயில் நினைவிழந்து கிடக்கிறவர்களை எழுப்பி உட்காரவைத்த மருந்து. வாங்குகிறவர்கள் ஏழைகள், லாபம் இல்லை என்று 1995-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2000-ல் அதே மருந்து திரும்ப வந்தது, பெண்களின் முகத்து முடி வளர்ச்சியைக் குறைக்கிற க்ரீமாக! எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு உட்படப் பலரும் கூச்சல் போட்ட பிறகுதான் 2001-ல் தூக்க நோய்க்கு இலவசமாகத் தர ஒப்புக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவில் ஆள் சாவதைவிட எங்கள் மீசை பெரிய விஷயமாகப் போய்விட்டது பாருங்கள். நான் அந்த க்ரீமைக் குறை சொல்லவில்லை, பலருக்குப் பலன் தந்திருக்கிறது. எது லாபம் என்று கணக்குப் போட்ட மனசைத்தான் சொல்கிறேன்.

முடிக்கும் நமக்கும் உள்ள உறவே விசித்திரம். பக்கத்து மதுரையில், ராணியின் கூந்தலுக்கு மணம் இயற்கையா செயற்கையா என்று பாண்டியன் மண்டையைக் குடைந்துகொண்டான், அதற்குப் பொற்கிழி வைத்தான், சிவபெருமானே இறங்கி வந்து நக்கீரரோடு வாதாடினார் என்று கதை வைத்திருக்கிறோம். பழனிக்கு நேர்ந்துகொண்டால் அதே கூந்தலை மொட்டையடிக்கலாம், புண்ணியம். புருஷன் செத்தால் பெண்ணுக்கு மொட்டையடித்த வீடுகளும் இந்தத் தமிழ்நாட்டில் இருந்தன. தலையில் இருந்தால் கவிதை, அரை அடி கீழே இறங்கி உதட்டுக்கு வந்தால் வியாதி. வளரலாமா, இருக்கலாமா, எடுக்கலாமா என்று எங்களைத் தவிர எல்லோரும் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

பையன்களுக்கோ எங்கள் ஊர்க் கடைகளில் தாடி எண்ணெய் அடுக்கிவைத்திருக்கிறார்கள். தாடி வர வேண்டும் என்று மினாக்சிடில் தடவிக்கொள்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அது முதலில் ரத்தக்கொதிப்புக்கு வந்த மருந்து. ஒரே மெடிக்கல் கடையில் அண்ணன் முளைக்க வைக்க வாங்குகிறான், தங்கச்சி பிடுங்கிப் போட வாங்குகிறாள். கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

2024-ல் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்பில் 98.5 சதவீதம் வாங்கி மாநிலத்திலேயே முதலாவதாக வந்தாள் ஒரு சின்னப் பெண். படம் வெளியானதும் நாடு அவள் மார்க்கைப் பார்க்கவில்லை, மேலுதட்டைப் பார்த்தது. முன்பின் தெரியாத லட்சம் பேர் கேலி செய்தார்கள். சவரக் கத்தி விற்கிற ஒரு கம்பெனி அவளுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி பேப்பரில் விளம்பரமே போட்டது. ஒரு பிள்ளையின் அவமானத்தில்கூடச் சரக்கு விற்கத் தெரிந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு எங்கள் கணக்கு வாத்தியார் குரல்தான் கேட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், கண்ணூர் மாவட்டத்தில் ஷைஜா என்ற பெண் மீசையை எடுக்கவே மாட்டேன் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். 2022-ல் செய்திகளில் வந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, இன்றைக்கும் எடுக்கத்தான் செய்கிறேன். ரேசர் வைத்து, கண்ணாடி முன்னால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே. வைத்துக்கொள் என்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்ல வரவில்லை, எடு என்றும் சொல்ல வரவில்லை. அது அவள் முகம். நூல் போடட்டும், மெழுகு போடட்டும், லேசரே செய்துகொள்ளட்டும். சரியான மெஷினும் படித்த கையும் இருந்தால் நம் நிறத்துக்கும் அது நல்ல பலன் தரும். தெரியாத கையில் முகத்தைக் கொடுத்துவிட்டு என்னைப் போல் பஸ்ஸில் எண்ணெய்க் கதை சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம்.

அம்மாக்களே, பிள்ளைக்கு மீசை அரும்பினால் மஞ்சளை எடுப்பதற்கு முன்னால் மாதவிலக்குக் கணக்கைக் கேளுங்கள். கழுத்து கறுத்தால் பீர்க்கங்கூட்டை எடுக்காதீர்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மருந்து சாப்பிட்டாலும் முடி குறைவது தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரைக்கும் பெண் பார்க்க வருகிறவர்களைக் காக்கவையுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. லேசர் என்று போனால் டாக்டர் எங்கே என்று கேளுங்கள், அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். சிகிச்சை செய்கிற இடம் எதுவானாலும், 1997-ல் இயற்றி 2018-ல் திருத்திய தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். ஒரு சின்ன இடத்தில் சுட்டுப் பார்க்காமல் முகத்தைத் தொட விடாதீர்கள். ரசீதில் மெஷினின் பெயரையும் வைத்த அளவையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சுட்டுவிட்டார்கள் என்றால் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். தேனியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வக்கீல் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம், கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் பாதிப்பு நடந்த 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எனக்கு இந்தச் சட்டத்தை யாரோ சொன்னபோது அந்தக் கெடு தாண்டியிருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கக்கூடும் என்கிறார்கள். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு மேலே இப்போது வேறு பெயரில் பலகை தொங்குகிறது. இருந்தாலும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், தமிழில்.